வல்வில் வேட்டை

திருச்சிராப்பள்ளிக்கு வடமேற்கே, காவிரிக்கு அப்பால் எழும் கொல்லிமலையை ஆண்டவனும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனுமான ஓரியின் பெயரோடு பிரிவற இணைந்த வேட்டைத் திறம். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர், அவன் எய்த ஒரே கணை யானையை வீழ்த்தி, புலியையும் புள்ளிமானையும் காட்டுப்பன்றியையும் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வர்ணிக்கிறார். இஃது அதிசயோக்தியே, ஆயினும் முதல் அம்பிலேயே காரியத்தை முடித்தாக வேண்டும் என்னும் வேடர் நியதி அதன் அடியில் கிடக்கிறது. நாணொலி கேட்ட மாத்திரத்தில் விலங்கு மிரண்டு பாயுமாதலால் இரண்டாம் கணைக்கு அவகாசம் கிட்டுவது அபூர்வம். அன்றியும், அம்பு தன் கூர்முனையால் குருதி நாளங்களை அறுத்தே உயிரைப் போக்குவதாகையால், காற்றுக்கு எதிர்முகமாக அணுகி, விலங்கு பக்கவாட்டில் நின்று முன்னங்காலை நீட்டிவைக்கும் தருணம்வரை பொறுத்திருந்து, அக்காலின் பின்னே நுரையீரலைக் குறிவைப்பதே முறை. தவறி வயிற்றில் தைத்த அம்பு விலங்கை நெடுநேரம் வதைத்து, வேடனையும் புதர்தோறும் அலைக்கழிக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைக் குற்றமாக்கிற்று. கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு; ஆடி மாதத்தில் அங்கு நிகழும் அரசு விழாவில் வில்வித்தைப் போட்டியும் நடைபெறுகிறது.