தில்லியில் ஓர் அருவி

ஆனிச் சாரல் தொடங்கிவிட்டது என்னும் செய்தி ஊரிலிருந்து வந்ததும், தில்லித் தமிழரின் உள்ளம் குற்றாலத்துக்குப் பறந்துவிடுகின்றது. சிற்றாறு பொங்கி வீழும் காட்சிக்கு இவ்வறண்ட நகரில் ஈடேது என்று பெருமூச்செறிகின்றோம். ஆனால், குதுப்மினாருக்குத் தெற்கே மெஹ்ரோலியில் ஓர் அருவி இருந்தது என்பதை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? ‘ஜர்னா’ என்பது அதன் பெயர். அருவி என்பதே அச்சொல்லின் பொருளுமாம்.

இயற்கை தந்த அருவியன்று இது. ஏரி ஈன்ற அருவி. சுல்தான் இல்துத்மிஷ் 1230ஆம் ஆண்டையொட்டி இங்கு ‘ஹௌஸ்-இ-ஷம்ஸி’ என்னும் பெருங்குளத்தை அமைத்தார். ஆரவல்லிக் குன்றுகளில் பெய்த மழைநீர் அதில் வந்து நிறைந்தது. 14ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த மொராக்கோ யாத்திரிகர் இபின் பதூதாவும் இக்குளத்தைப் பற்றி எழுதியுள்ளார். 1700ஆம் ஆண்டளவில் நவாப் காசியுத்தீன் பிரோஸ் ஜங், குளத்தின் மிகைநீர் சுவரினின்று வீழுமாறு மண்டபமும் தொட்டியும் சமைத்தார். பின்னர் இரண்டாம் அக்பர் ஷாவும், கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ஜபரும் மேலும் மண்டபங்கள் எழுப்பினர். மாரிக்காலத்தில் அரச குடும்பத்தினரும் நகர மாந்தரும் ஈண்டு வந்து களித்தனர்.

‘பூல்வாலோன் கி சைர்’ என்னும் மலர் விழாவும் இதனோடு இணைந்ததே. நாடு கடத்தப்பட்ட தன் மகன் மிர்ஸா ஜஹாங்கீர் மீண்டு வந்தால் மலர்ப்போர்வை சாத்துவதாக அக்பர் ஷாவின் அரசி நேர்ந்துகொண்டதால் பிறந்தது அவ்விழா என்பர். குதுபுத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவுக்கும் யோகமாயா ஆலயத்துக்கும் இரு சமயத்தாரும் சேர்ந்து மலர் ஏந்திச் சென்றனர். 1942இல் ஆங்கில அரசு அதனை நிறுத்திற்று. 1960களின் தொடக்கத்தில் நேருவின் முயற்சியால் அது புத்துயிர் பெற்றது.

விழா மீண்டது, அருவி மீளவில்லை. நீர்வரத்துப் பாதைகளில் வீடுகள் எழுந்தன, குளம் சுருங்கியது, மண்டபங்கள் மட்டும் வறண்டு நிற்கின்றன. நகரம் வளர்ந்ததில் இங்குக் குடியேறிய நமக்கும் பங்குண்டன்றோ? ஏரி வெட்டியோரைப் போற்றும் மரபினர் நாம். வரும் மழைக்காலத்தில் நம் குழந்தைகளுடன் ஒரு முறை அங்குச் செல்வோமாக. குளம் காத்தாலன்றி அருவி இல்லை என்பதை அவர்கள் நேரிற் கண்டு உணரட்டும்.