திபேரியு காலத்துக் காசும் கொடுமணல் கல்லும்

கோவை வைசியாள் வீதியில் நகைக்குக் கல் பதிப்பது என் தொழில். சரித்திர நாவல் என்றால் எனக்குக் கல்கியும் சாண்டில்யனும்தான். இயேசு காலத்துக் கதைகள் மேல் பிரியம் வரும் என்று நினைத்ததே இல்லை. வர வைத்தவர் க.நா.சு. ஸ்வீடன் எழுத்தாளர் லாகர்குவிஸ்ட் 1950இல் எழுதிய 'பாரபாஸை' அவர் 'அன்பு வழி' என்று தமிழில் தந்தார். இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான குற்றவாளி, நம்பவும் முடியாமல் விலகவும் முடியாமல் அலைகிறான். சுரங்கத்தில் இன்னொரு அடிமையோடு சங்கிலியில் பிணைபட்டு அவன் கிடக்கும் பக்கங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அப்புறம் 'பென்ஹர்', 'குவோ வாடிஸ்' என்று தேடித் தேடிப் படித்தேன்.

அந்தக் கதைகளில் கைமாறும் வெள்ளிக்காசு நம்மூருக்குப் புதிதல்ல. 1842இல் வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்ட ரோமானியக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியு காலத்தவை. இயேசு பிறந்தது முன்னவர் ஆட்சியில், சிலுவை ஏறியது பின்னவர் ஆட்சியில். திராட்சைத் தோட்ட உவமையில் ஒருநாள் கூலி ஒரு தெனாரியம். அந்தக் கணக்கில் வெள்ளலூர்ப் புதையல் ஒரு கூலியாளின் ஒன்றரை வருட உழைப்பு.

இவ்வளவு வெள்ளி நொய்யல் கரைக்கு ஏன் வந்தது? மிளகுக்காக மட்டுமல்ல, கல்லுக்காகவும்தான். அதே கரையிலுள்ள கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் மூலக்கல், பாதி வேலை முடிந்த மணி, மெருகேற்றிய மணி எல்லாம் ஒரே ஊரில் கிடைத்தன. பட்டறைக்காரனுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம், அது தொழிற்கூடமேதான். பெரில் கல் பக்கத்துப் படியூரிலிருந்து வந்தது. குவார்ட்ஸைவிடக் கெட்டியான கல் அது. தொளையிடுவது இன்றும் லேசான வேலை இல்லை. கொடுமணத்து வேலைப்பாட்டைப் பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் புகழ்கிறார். பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிது என்று எழுதி வைத்தார் ரோமானிய அறிஞர் பிளினி. நொய்யல் கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் முசிறி. அங்கிருந்து கப்பலில் செங்கடல். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் புதிய எருசலேமின் எட்டாவது அஸ்திவாரக் கல்லும் பெரில்தான்.

பாரபாஸ் அடிமைச் சுரங்கத்தில் கிடந்த அதே நூற்றாண்டில் கொடுமணலில் ஒருவன் உட்கார்ந்து மணி தொளைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கதையும் எருசலேம் கதைக்குக் குறைந்ததல்ல. கொங்கு எழுத்தாளர்களே, அவனை நாயகனாக வைத்து எழுதுங்கள். பட்டறை விவரம் எது வேண்டுமானாலும் வைசியாள் வீதிக்கு வாங்க, சொல்லித் தருகிறேன்.