மட்டை வரிசையும் மாற்று ஆட்டக்காரரும்

கிரிக்கெட்டில் பழகிய நம் கண்களுக்கு, ஸாப்ட்பால் ஆட்டத்தை முதன்முறையாகக் காணும்போது ஓர் ஐயம் எழுவது இயல்பே. அணியின் தலைசிறந்த அடிப்பாளர் ஓரத்தில் அமர்ந்திருக்க, ஆட்டத்தின் முடிவை நிர்ணயிக்கும் வேளையில் எளியவர் ஒருவர் மட்டையேந்தி வருகிறாரே, முறையை மாற்றி வல்லவரை அனுப்பலாகாதா? ஆகாது என்பதே விடை. காரணத்தை அறிய, இவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சிகாகோ நகரின் பாரகட் படகுக் கழகத்தில் இளைஞர் சிலர் கூடியிருந்தனர். ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முடிவை அவர்கள் எதிர்நோக்கியிருந்தனர். யேல் வென்றதென்ற செய்தி வந்ததும், ஒருவர் குத்துச்சண்டைக் கையுறையொன்றை வீச, மற்றொருவர் அதனைக் கோலால் அடித்தாராம். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் அக்கையுறையையே பந்தாகக் கட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார் என்பர். 1895இல் மினியாபொலிஸ் நகரின் தீயணைப்புப் படையைச் சார்ந்த லூயிஸ் ரோபர், தம் தோழர்களின் உடற்பயிற்சிக்காக இதனையொத்த ஆட்டத்தை வெளியிடத்தில் அமைத்தார். ஸாப்ட்பால் என்னும் பெயரை 1926இல் வால்டர் ஹகன்சன் முன்மொழிந்தார். பெண்களுக்கான உலகப் போட்டி 1965இல் மெல்போர்னில் முதன்முதலாக நடைபெற்றது. 1996இல் ஆட்டம் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

இனி விதிகளைக் காண்போம். ஆட்டம் தொடங்குமுன், மட்டையடிப்போர் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டு நடுவரிடம் அளிக்கப்படும். கிரிக்கெட்டில் தலைவர் தம் விருப்பம்போல் வரிசையை மாற்றலாம். இங்கு இறுதிவரை மாற்றவியலாது. மூவர் ஆட்டமிழந்து சுற்று முடிந்தால், அடுத்த சுற்றில் விட்ட இடத்திலிருந்தே வரிசை தொடரும். எனவே வலியவர், எளியவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் முறை வந்தே தீரும்.

ஒருவர் முறைதவறி மட்டையேந்தினால் என்னாகும்? அவர் ஆடிக்கொண்டிருக்கையிலேயே பிழை தெரியவந்தால், உரியவர் வந்து, அதுவரை வீசப்பட்ட பந்துகளின் கணக்கை ஏற்றுத் தொடரலாம். அவர் முறை முடிந்து, அடுத்த பந்து வீசப்படுமுன் எதிரணியினர் முறையிட்டால், ஆடியவரல்லர், ஆடியிருக்க வேண்டியவரே ஆட்டமிழந்தவராவார். அடுத்த பந்து வீசப்பட்டபின் முறையீட்டிற்கு இடமில்லை. ஆதலால் குறிப்பேட்டைக் கவனித்து வைப்பது இரு அணிகளுக்கும் இன்றியமையாததாகும்.

மாற்று ஆட்டக்காரர் விதியோ மேலும் சுவையானது. பேஸ்பாலில் வெளியேறியவர் அன்றைய ஆட்டத்திற்கு மீளவியலாது. கிரிக்கெட்டில் தடுப்பாட்டத்திற்கு வரும் மாற்றாளர் பொதுவாக மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ இயலாது. தலையில் அடிபட்டவருக்கு முழு மாற்றாளரை அனுமதிக்கும் விதி 2019இல்தான் சர்வதேச ஆட்டங்களுக்கு வந்தது. ஸாப்ட்பால் இவ்விரண்டினின்றும் வேறுபடுகிறது. தொடக்கப் பட்டியலில் இடம்பெற்றவர் வெளியேறியபின், ஒருமுறை மீண்டும் களம் புகலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வரிசையில் தமக்குரிய அதே இடத்திற்கே அவர் திரும்ப வேண்டும். அவருக்கு மாற்றாக வந்தவரும் அவரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தில் இருத்தலாகாது. ஒவ்வொரு மாற்றத்தையும் நடுவருக்கு அறிவித்தலும் கடமையாகும்.

களைத்தவருக்கு இளைப்பாறவும், அமர்ந்திருப்பவருக்கு ஆடவும் இவ்விதி வாய்ப்பளிக்கிறது. அதே வேளையில், வல்லவர் ஒருவரைத் தேவைப்படும் இடத்திலெல்லாம் புகுத்தும் சூழ்ச்சிக்கும் அணை போடுகிறது.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே, உங்கள் பிள்ளைகள் பள்ளியில் இவ்வாட்டத்தை ஆடி, நடுவே வெளியே அழைக்கப்பட்டதற்காக வாடிய முகத்துடன் வீடு திரும்பக்கூடும். அப்போது இதனைக் கூறுங்கள்: வெளியே வருதல் தோல்வியன்று, உனக்குரிய இடம் வரிசையில் அப்படியே இருக்கிறது.