மார்புக்குள் நோக்கிய கண்கள்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி முடிப்போர் மூச்சின் அருமையை நன்குணர்வர். சிறிது நேரத்தில் தணியும் இளைப்பு இயல்பானது. தணியாத இளைப்பும் வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலுமோ மார்புக்குள் மறைந்திருக்கும் நோயின் அறிகுறிகளாக இருத்தல் கூடும். அந்நோயை உடலைக் கீறாமலே கண்டறிய மனிதன் மேற்கொண்ட முயற்சி ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறாகும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் செருமானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே அக்கருவி மலாயாவின் தைப்பிங் மருத்துவமனையை வந்தடைந்தது. அந்நாளில் மக்களை வாட்டிய பெருநோய் காசநோயே. 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் மார்புப் படம் எடுத்தல் பொதுமக்களுக்குப் பழகிய செயலாயிற்று. ஆயினும், படத்தில் தெரியும் நிழல் காசநோயினதா, புற்றுநோயினதா எனப் பிரித்தறிதல் எளிதாக இருக்கவில்லை. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. விரைவில் அம்முறை மார்பையும் அடுக்கடுக்காகக் காட்டலாயிற்று.

அடுத்து வந்தது காந்த ஒத்ததிர்வுப் படமுறை. 1973இல் லாட்டர்பர் அதன் அடிப்படையை வெளியிட்டார். மேன்ஸ்ஃபீல்டு அதனை விரைவுபடுத்தினார். இருவரும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். இதற்கிடையே, 1977ஆம் ஆண்டு சூலை 3ஆம் நாள் நியூயார்க்கில் டமாடியன் குழுவினர் மனித உடலின் படமொன்றை இம்முறையில் எடுத்தனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்ட அப்படம் காட்டியது மார்பையே!

மார்பில் தொடங்கிய இக்கலைக்கு நுரையீரலே நெடுங்காலம் அகப்படாமல் நின்றமை வியப்பன்றோ? காரணம் எளிது. இக்கருவி உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் எழுப்பும் குறிப்பைக் கொண்டே படம் வரைகிறது. நுரையீரலோ பத்துமலைக் குகையைப் போலக் காற்று நிறைந்தது, நீர் குறைந்தது. மூச்சும் இதயத் துடிப்பும் அதனை ஓயாது அசைக்கின்றன. ஆதலின் நுரையீரலின் சிறு கட்டிகளைக் காண்பதில் சி.டி. முறையே இன்றும் முந்தி நிற்கிறது. ஐயத்தைத் தீர்ப்பது திசுப் பரிசோதனையே.

எனினும், நோயின் எல்லையை அளப்பதில் காந்தப் படத்திற்குத் தனியிடம் உண்டு. 1932இல் அமெரிக்க மருத்துவர் பான்கோஸ்ட் விவரித்த, நுரையீரலின் உச்சியில் தோன்றும் கட்டி, கைக்குச் செல்லும் நரம்புகளையோ முதுகெலும்பையோ பற்றியுள்ளதா என்பதை இப்படம் தெளிவாகக் காட்டும். புற்று மூளைக்குப் பரவியுள்ளதா என ஆராயவும் இதுவே சிறந்தது. கட்டியின் அளவு, நிணநீர்க் கணுக்களின் நிலை, தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய நிலை ஆகிய மூன்றையும் கொண்டே மருத்துவர் நோயின் கட்டத்தை வகுக்கின்றனர். அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா என்னும் முடிவு பெரிதும் அதனைப் பொறுத்தது. நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயலாற்றவேண்டும் என்று வள்ளுவர் வகுத்த நெறியும் இதுவன்றோ!

அம்மூன்றனுள் நாம் தவறவிடுவது காலமே. 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நுரையீரல் புற்றுநோயாளர் பத்துப் பேரில் ஒன்பதின்மருக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்திலேயே கண்டறியப்பட்டனர். அறுவையால் நோயை அகற்றும் வாய்ப்பு அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கைநழுவிவிட்டது. நீண்ட நாள் புகைத்தவர்க்குக் குறைந்த கதிரளவிலான சி.டி. சோதனையை ஆண்டுதோறும் செய்துவரின் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதை 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. புகையாதவரையும் இந்நோய் தாக்குவதால், நீடிக்கும் இருமலை எவரும் புறக்கணித்தல் ஆகாது.

கருவிகளின் பார்வை கூர்மையடைந்துகொண்டே வருகிறது. ஆனால், எந்தக் கருவியும் நோயாளியைத் தேடி வீட்டு வாசலுக்கு வருவதில்லை. வெறும் சளியென்று கழியும் ஒவ்வொரு மாதமும் நோயை அடுத்த கட்டத்திற்கு நகர்த்தக்கூடும். அந்த மாதங்களைக் காப்பது நம் கையிலேயே உள்ளது.