கருமருந்திலிருந்து லாட் எண் வரை: சிங்கப்பூரில் தோட்டா மருந்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்

துப்பாக்கித் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் பழக்கம் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. அதில் இறங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த மருந்து என்பதைத்தான். கைத்துப்பாக்கியின் குழல் குட்டை. குண்டு வெளியேறுவதற்குள் மருந்து எரிந்து தீர்ந்தாக வேண்டும் என்பதால் விரைந்து எரியும் மருந்து வேண்டும். ரைஃபிளின் குழல் நீளம். அங்கே மெல்ல எரிந்து குண்டைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டு போகும் மருந்துதான் பொருந்தும். இரண்டையும் மாற்றிப் போட்டால் துப்பாக்கியே பிளக்கக்கூடும். சிங்கப்பூரில் இன்று இந்த முடிவைத் தனியாள் எடுக்கும் சூழலே இல்லை. ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளில் இத்தீவில் வெடித்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் யாரோ ஒருவர் மருந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வு யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதே இக்கட்டுரையின் தேடல். சிங்கப்பூரின் இராணுவ வரலாற்றை எழுதியவர்கள் பீரங்கிகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். பீரங்கிக்குள் போன மருந்து அடிக்குறிப்போடு நின்றுவிட்டது.

கதை சிங்கப்பூருக்கு முன்பே, தமிழ்க் கடற்கரையில் தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில், கெல்டிரியா கோட்டையை ஒட்டி, ஒரு வெடிமருந்துப் பட்டறை நடத்தினார்கள். அங்கே அரைத்த மருந்து பத்தாவியாவுக்கும் கிழக்குத் தீவுகளில் இருந்த மற்ற டச்சுக் கோட்டைகளுக்கும் கப்பலேறியது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்துதான் அக்காலத்தில் உலகம் முழுவதற்கும் ஒரே மருந்து. அப்படியானால் தேர்வுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். வேலை மணியின் பருமனில் இருந்தது. பெரிய குருணை மெல்ல எரியும், அது பீரங்கிக்கு. நடுத்தரம் மஸ்கட்டுக்கு. பொடி மணி கைத்துப்பாக்கிக்கும் பற்றவைக்கும் கிண்ணத்துக்கும். இன்றைய நிரப்புநர் ரசாயனப் பூச்சையும் மணியின் வடிவத்தையும் பார்த்து எடுக்கும் முடிவை அன்று சல்லடை எடுத்தது.

1819இல் ராஃபிள்ஸ் வந்திறங்கியபின் சிங்கப்பூர் கிழக்கிந்தியக் கம்பெனியின் விநியோகச் சங்கிலியில் ஒரு கண்ணியானது. முதலில் வங்காளச் சிப்பாய்கள் காவல் இருந்தார்கள். 1820களின் பிற்பகுதியிலிருந்து அந்த இடத்துக்கு மதராஸ் சுதேசிக் காலாட்படைப் பிரிவுகள் வந்தன. ஊட்ரம் பகுதிக்கு ‘சிப்பாய் லைன்ஸ்’ என்று பெயர் நிலைத்தது இவர்களால். உலக வெடியுப்புச் சந்தையே அன்று பீகாரை நம்பியிருந்தது, அதன் கடிவாளம் கம்பெனியின் கையில். சிப்பாய் தன் மஸ்கட்டுக்கு எந்த மருந்து என்று யோசித்ததில்லை. காகிதத்தில் சுருட்டிய தோட்டாவாகவே அது கையில் வந்தது, பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்டுவதுதான் அவன் வேலை. அத்தகைய காகிதத்தில் பின்னாளில் தடவிய கொழுப்பு 1857இல் வட இந்தியாவில் என்ன செய்தது என்பது எல்லோரும் அறிந்தது.

மருந்து எங்கே இருந்தது என்பதைத் தெருப்பெயர்கள் சொல்கின்றன. சென்னைப் புளியந்தோப்பில் பவுடர் மில்ஸ் ரோடு இருப்பதுபோல, சிங்கப்பூர் ஆற்றங்கரைக்கு அருகே மேகஸின் ரோடு இருக்கிறது. பழைய வெடிமருந்துக் கிடங்கின் நினைவு அந்தப் பெயர். வெடியுப்பைவிடக் கரிதான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும். ஆண்டு முழுதும் காற்றில் நீர் நிற்கும் இந்தத் தீவில், கிடங்கில் கிடந்த கருமருந்து ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது. சிலி நாட்டிலிருந்து மலிவாகக் கிடைத்த சோடியம் நைட்ரேட்டைத் துப்பாக்கி மருந்துக்குப் பயன்படுத்தாததற்கும் ஈரமே காரணம். மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் தட்பவெப்பத்துக்கு ஒரு வாக்கு இருந்தது. அந்த வாக்கை இலண்டனில் இருந்தவர்கள் தாமதமாகத்தான் எண்ணினார்கள்.

கருமருந்து சிங்கப்பூரில் செய்த பெரிய சேதம் மனிதர்மீது அல்ல, கல்லின்மீது. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பெரும் பாறையில் ஐம்பது வரிகள் அளவுக்கு ஓர் எழுத்துப் பொறிப்பு இருந்தது. 1843இல் கோட்டைப் பணிக்கு இடம் பண்ணுவதற்காகப் பொறியாளர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பிய துண்டுகளில் ஒன்று இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் 2019இல் அதில் ‘கேசரிவ’ என்ற எழுத்துக்கூட்டைப் படித்து, சோழ மன்னர்களின் ‘பரகேசரிவர்மன்’ பட்டத்தோடு தொடர்பு இருக்கலாம் என்று முன்வைத்தார். அது கருதுகோள்தான். ஆனால் சரிபார்க்க மீதி வரிகள் நம்மிடம் இல்லை, அவை சரளைக்கல்லாகிவிட்டன. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1848இல், கப்பல்களுக்கு வழி அகலப்படுத்த அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் ‘பல்லுக்கல்’ போல் துருத்தி நின்ற லோங் யா மென் பாறையையும் தகர்த்தார். இராணுவத் தரமும் சுரங்கத் தரமும் தனித்தனி மருந்துகளாகப் பிரிவதற்கு முந்தைய காலம் அது. பாறையைப் பிளந்ததும் மஸ்கட்டில் எரிந்ததும் ஒரே குடும்பத்துச் சரக்கு.

சுங்கமில்லாத துறைமுகம் என்பதால் துப்பாக்கியும் மருந்தும் 19ஆம் நூற்றாண்டில் இங்கே மற்ற சரக்குகளோடு சரக்காகவே விலைபோயின. பூகிஸ் வணிகர்கள் வாங்கிப் போனார்கள், தீவுக்கூட்டத்தின் சண்டைகளுக்கு இரண்டு பக்கமும் இங்கிருந்தே சரக்கு போனது. 1873இல் டச்சுக்காரர்கள் ஆச்சே மீது போர் தொடுத்தபோது நீரிணைக் குடியேற்ற அரசு அங்கே ஆயுதம் அனுப்பத் தடை போட்டது. தனியார் தம் விருப்பத்துக்கு மருந்து வாங்கி விற்ற காலத்துக்கு அது ஒரு தொடக்க எச்சரிக்கை. காட்டுப் புலிகளைச் சுட இந்தியக் கைதிகளுக்கே மஸ்கட் கொடுத்து அனுப்பிய அதே ஊரில்தான் இதெல்லாம் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தேர்வு உண்மையிலேயே சிக்கலானது புகையில்லா மருந்து வந்தபின். 1889இல் ஃபிரெடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவர் இருவரும் கார்டைட்டைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் கொஞ்சம் வாசலினும் சேர்த்துப் பிசைந்து, சேமியாபோல் இழைகளாகப் பிழிந்த மருந்து. பிரிட்டிஷ் இராணுவத்தின் .303 ரைஃபிள் 1888இல் பிறந்தபோது கருமருந்துத் தோட்டாவோடுதான் வந்தது. சில ஆண்டுகளில் கார்டைட் அதற்குள் நுழைந்ததும் துப்பாக்கியே தோற்றது. அந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் ஆழமில்லாத சுருள்வரிகளைக் கார்டைட்டின் சூடு தின்றுவிட்டது. 1895இல் ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்ததற்குக் காரணம் எதிரி அல்ல, மருந்து. போயர் போருக்குப்பின் நைட்ரோகிளிசரினைப் பாதியளவுக்குக் குறைத்து இன்னொரு கார்டைட் செய்தார்கள். துப்பாக்கிக்கு மருந்தா, மருந்துக்குத் துப்பாக்கியா என்று கேட்டால் இந்தப் பத்தாண்டுகள் இரண்டாவதையே காட்டும்.

இங்கே தமிழ்நாடு மறுபடி கதைக்குள் வருகிறது. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. காட்டேரி அருவியின் நீரிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். சமவெளியின் வெயிலில் நைட்ரோகிளிசரினைக் கையாளுவதும் கார்டைட்டைக் காயவைப்பதும் ஆபத்து, மலையின் குளிரும் தண்ணீரும் அதற்குப் பாதுகாப்பு. வெப்பம் ஏறினால் கார்டைட் தோட்டாவுக்குள் அழுத்தமும் ஏறும், நீண்ட நாள் சூட்டில் கிடந்தால் மருந்து தானே சிதையும். குளிர்நாட்டில் அளந்த மருந்து வெப்பநாட்டில் அதே மருந்தாக நடந்துகொள்ளாது. இந்த உண்மையை இலண்டன் அளவுகோல்களுக்குள் கொண்டுவந்ததில் இந்திய அனுபவத்துக்குப் பங்கு உண்டு.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். .303 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கிவிட்டால் கார்டைட் இழைக்கட்டு உள்ளே போகாது. ஆகவே தொழிற்சாலையில் இழைகளை முதலில் செருகிவிட்டு, பிறகுதான் கழுத்தை அமுக்கினார்கள். களத்தில் ஒரு சிப்பாய் காலிக் கூட்டை எடுத்துத் தானே நிரப்பிக்கொள்வது என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. சல்லடைக்காரனிடம் இருந்த தேர்வு இப்போது ஆலையின் எந்திரத்துக்குள் அடைபட்டது.

அந்த அடைபட்ட தேர்வு 1915 பிப்ரவரி 15 அன்று தெருவுக்கு வந்தது. முஸ்லிம் சிப்பாய்களைக் கொண்ட இந்தியப் படையான 5ஆம் இலகு காலாட்படை ஹாங்காங்குக்குக் கப்பலேற இருந்தது. அலெக்சாண்டிரா முகாமில் தோட்டாப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு வெடி கேட்டது, கலகம் தொடங்கியது. தோட்டாவைக் கைவிட்டுப் போகும் தருணத்தில் தோட்டாவுக்காகவே எழுந்த கலகம் என்று அதைச் சொல்வது மிகை. துருக்கி மீதான போர், வதந்திகள், அதிகாரிகளின் பூசல் எனக் காரணங்கள் பல. என்றாலும் அந்த லாரியைப் பிடித்திராவிட்டால் கலகம் முகாம் வாசலைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். முந்தைய நாள் சீனப் புத்தாண்டு. நகரில் பலர் துப்பாக்கிச் சத்தத்தைப் பட்டாசு என்றே எண்ணினார்கள். கலகக்காரர்கள் தங்ளின் முகாமில் இருந்த ஜெர்மானியக் கைதிகளைத் திறந்துவிட்டார்கள். அவர்களில் ‘எம்டன்’ போர்க்கப்பலின் மாலுமிகளும் இருந்தனர், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த அதே எம்டன். ஊட்ரம் சிறைச் சுவரருகே 47 சிப்பாய்களைப் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் படையில் தமிழர் இல்லை. ஆனால் அதன்பின் சிங்கப்பூர் இந்தியர் அனைவரும் பதிவுசெய்துகொண்டு அனுமதிச் சீட்டோடு நடமாட வேண்டியிருந்தது, சிராங்கூன் சாலைப் பால்காரர் உட்பட.

1942இல் சிங்கப்பூரை வீழ்த்திய ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் ஆயுதங்கள் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போயின. 1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தபோது அங்கே சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டப்புறத் தமிழர்கள். அவர்கள் பயின்றதும் .303 தான்.

சுதந்திரச் சிங்கப்பூர் முதலில் தொடங்கிய தொழில்களில் ஒன்று தோட்டாத் தயாரிப்பு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1967 ஜனவரியில் சார்ட்டர்ட் இன்டஸ்ட்ரீஸ் நிறுவனம் பதிவானது. அதன் முதல் சரக்கு எம்-16 ரைஃபிளுக்கான 5.56 மில்லிமீட்டர் தோட்டா, ஆலை ஜூரோங்கில். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று, வியட்நாமில் எம்-16 அடிக்கடி சிக்கிக்கொள்வது ஏன் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியை வடிவமைத்துச் சோதித்தது குச்சி வடிவ மருந்தோடு. பின்னர் இராணுவம் உருண்டை மணி மருந்துக்கு மாறியது. சுடும் வேகம் கூடியது, கசடு சேர்ந்தது, சிப்பாய்களுக்குத் துடைக்கும் கருவிகூடச் சரியாகக் கொடுக்கவில்லை. ஐகார்ட் தலைமையிலான அந்தக் குழுவின் 1967 அக்டோபர் அறிக்கை இந்த மருந்து மாற்றத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. தவறான மருந்தால் ஆட்கள் இறந்தார்கள், அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் காட்டுக்குப் போகவே இல்லை. சொந்தமாகத் தோட்டா செய்ய வேண்டும் என்று கோ கெங் சுவீ தலைமையிலான உள்துறை, தற்காப்பு அமைச்சு எடுத்த முடிவை வெறும் தன்மானமாக மட்டும் பார்க்க முடியாது.

அதன்பின் வெடிமருந்து மீதான சட்டம் வேகமெடுத்தது, பட்டாசிலிருந்து. 1970 சீனப் புத்தாண்டுப் பட்டாசில் ஆறு பேர் இறந்தார்கள், பலர் காயமுற்றார்கள். பகுதித் தடை வந்தது. 1972இல் பட்டாசைத் தடுக்கப்போன, ஆயுதமில்லாத காவலர் இருவரைக் கும்பல் தாக்கியபின் அதே ஆண்டு ஆகஸ்டில் முழுத்தடை. மறு ஆண்டு, வெடிச்சத்தம் இழந்த மக்களுக்கு மாற்றாகச் சிங்கே ஊர்வலம் தொடங்கியது. அதே 1973இல் ஆயுதக் குற்றச் சட்டமும் வந்தது. சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. குற்றம் செய்யும்போது சுட்டால் மரணம். தீபாவளிக்கு மத்தாப்பு மட்டும் மிஞ்சியது. 2018 தீபாவளிக்கு முந்தைய நாள் விடியலில் லிட்டில் இந்தியாவின் குளோஸ்டர் ரோட்டில் வாணவேடிக்கை கொளுத்தியவர்கள் நீதிமன்றம் போனார்கள். சிவகாசியில் குடிசைத்தொழில் அளவுக்குப் பழகிப்போன பொருள், நாலு மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால் குற்றவியல் சான்றுப்பொருள். இன்று வெடியுப்பே, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டே, வெடிபொருள் முன்பொருளாக உரிமக் கட்டுப்பாட்டின்கீழ் இருக்கிறது. 1913ஆம் ஆண்டின் ஆயுத, வெடிபொருள் சட்டத்தின் இடத்தில் 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டமும் அதை விடவில்லை.

ஆக, விளையாட்டுக்காகச் சுடுபவருக்கு என்ன தேர்வு மிச்சம்? அவருடைய துப்பாக்கி இருப்பதே சுடுதளத்தின் ஆயுதக் கிடங்கில், வீட்டில் அல்ல. சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் சுடுவது .22 விளிம்புத் தோட்டா. அதன் பற்றுமருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை வெடித்த கூட்டை மறுபடி நிரப்புவதில்லை. ஆனால் அந்தப் பிரிவில் உயர்ந்த நிலையில் சுடுவோர் ஒரு வேலை செய்வார்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலைத் தோட்டாவானாலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, அதாவது லாட்டுக்கு லாட், நுண்ணிய வேறுபாடு இருக்கும். தம் ரைஃபிளை இறுக்கிப் பிடித்துவைத்து, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, துளைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அந்த லாட் எண்ணையே மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள்.