தோளுக்கினியான்

"கையைத் தூக்குங்க சார்" என்றார் டாக்டர். தூக்கினேன். மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மேலே தள்ளினால் போகிறது. பிடியை விட்டால் கிணற்றில் கயிறு அறுந்த வாளி மாதிரி விழுகிறது.

சிதம்பரம் அண்ணாமலை நகரில், 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி இப்போது அரசுக் கல்லூரியாகிவிட்ட மருத்துவமனையின் எலும்புப் பிரிவு அது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மேல்கை எலும்பின் உருண்டைத் தலை, தன் குழியை விட்டு மேலே ஏறி, தோள் நுனி எலும்பில் இடித்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டிய நான்கு தசைநார்களில் இரண்டு அறுந்து, சுருங்கி, உள்ளே போய்விட்டன. இழுத்துத் தைக்க முடியாத நிலை. "மூட்டையே மாத்திடலாம் சார். முழங்காலுக்குப் பண்றாங்களே, அது மாதிரிதான்" என்றார். அப்புறம் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாத்தியார்னு சொல்றீங்க. இது வாத்தியார் தோளா தெரியலையே. என்ன தூக்கினீங்க?"

வெளியே அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். "சாமி தூக்கினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் கடலூர் ஓ.டி.க்காரன். முதுநகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் ஓல்டு டவுன், சுருக்கமாக ஓ.டி.தான். அப்பா ரயில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். கப்பல் வந்தால் துறைமுகத்துக்குப் போவார். நான் படித்து, அரசுப் பள்ளியில் 33 வருடம் வரலாறு நடத்தினேன். எங்கள் தெரு மாரியம்மன் மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலுக்குப் போகும்போது வாரையில் வலது பக்கம், முன்னால் இரண்டாவது ஆளாக, 38 வருடம் தோள் கொடுத்தேன். பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவோடு மூட்டைக்கும் போயிருக்கிறேன்.

அப்போதெல்லாம் பெரிய கப்பல் கடலூரில் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டுவிடும். சரக்கு உப்பனாற்றுத் துறையிலிருந்து படகில் போகும், படகில் வரும். படகுக்கும் கிடங்குக்கும் நடுவில் பலகை, பலகை மேல் மனிதன். எங்கள் பக்கம் விளைந்த மல்லாட்டை (நிலக்கடலை) அப்படித்தான் வெளியே போனது. உரம் அப்படித்தான் உள்ளே வந்தது. உர மூட்டை தூக்கிய நாளில் அப்பாவின் கழுத்தும் தோளும் வெந்த மாதிரி சிவந்திருக்கும். வியர்வையில் உரம் கரைந்து எரியும். அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தேங்காயெண்ணெய் தடவுவாள்.

அரிசி மூட்டை 100 கிலோ. நெல் 75. அப்பாவின் எடை ஐம்பதைத் தாண்டியிருக்காது. இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிடுவார்கள். மூட்டை பிடரிக்கும் வலது தோளுக்கும் நடுவில் உட்காரும். வலது கை தலைக்கு மேலே போய்ச் சாக்கின் காதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கைதான் விஷயம் என்று இப்போது டாக்டர் சொல்லித் தெரிகிறது. கையைத் தூக்கியபடியே பாரத்தைத் தாங்கும்போது, இரண்டு எலும்புக்கு நடுவில் தசைநார் அம்மியில் அகப்பட்ட மாதிரி நசுங்குகிறது. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. இருபது முப்பது வருடத்தில் நைந்து நூலாகிவிடுகிறது. அப்பாவுக்கு ஐம்பது வயதில் கை தூக்க வரவில்லை. தலை சீவ முடியாது. அம்மாதான் தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றுவாள். எலும்புக்குக் கட்டுக் கட்டும் ஒருவரிடம் போய் முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் வைத்து மூங்கில் தப்பை கட்டிக்கொண்டு வந்தார். கட்டு இருக்கிற வரைக்கும் வலி அடங்கியிருந்தது.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஜெனீவாவில் கூடி, ஒரு மனிதன் தூக்கும் சுமைக்கு எல்லை வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. கூடவே தந்த பரிந்துரையில் ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்று எண்ணும் சொன்னது. அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அப்பா 100 கிலோ தூக்கிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982இல் வந்தது. அதே வருடம் எனக்கு வேலை கிடைத்தது. அதற்குள் அப்பாவின் தோள் முடிந்துபோயிருந்தது.

வகுப்பில் நான் நடத்திய கடலூர் வேறு. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கியால் சுட்டுக் குண்டு விழுந்த எல்லை வரை இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சேர்ந்து 'குண்டு கிராமங்கள்' ஆயின. பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தக் கரையில் தலைமையிடமே, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் மாறியிருந்த எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டைதான். 1756இல் கிளைவ் கவர்னர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்தார். கரும்பலகையில் வருடங்களை வரிசையாக எழுதிப்போட்டு, மறுநாள் கேள்வி கேட்பேன்.

கம்பெனிக்காரர்கள் வந்தது துணிக்காக. தறியிலிருந்து துணியை நெசவாளி தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வெளுத்து, மடித்து, மூட்டையாகக் கட்டியதைக் கரைக்கு வேறொருவன் சுமந்தான். அலையைத் தாண்டக் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. இந்தச் சோழமண்டலக் கரையில் கப்பலிலிருந்து இறங்கிய துரைகளையும் துரைசானிகளையும் படகோட்டிகள் தோளில் வைத்துத்தான் நனையாமல் கரை சேர்த்தார்கள். கரைக்கு வந்த பிறகு பல்லக்கு. தூக்குகிற ஆட்கள் போக, மாற்றுத் தோள் கொடுக்கும் ஆட்கள் கூடவே ஓடுவார்கள். 1870களில் ரயில் போட்டார்கள். அந்த ரயிலுக்குச் சரக்கு ஏற்றியவர் வரிசையில்தான் அப்பா வருகிறார். இத்தனையும் அப்போதே எனக்குத் தெரியும். ஒரு நாளும் வகுப்பில் சொல்லவில்லை. பாடத்தில் இல்லை, தேர்வில் வராது என்று விட்டுவிட்டேன். கடைசி பெஞ்சில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

சிதம்பரத்தில் இந்தக் கதைக்கு இன்னும் வயது அதிகம். மற்றக் கோயில்களில் பெரும்பாலும் மூலவர் உள்ளே இருக்க, உற்சவர் வெளியே வருவார். தில்லையில் நடராசர் தாமே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிற்சபையை விட்டு வெளியே வந்து தேரேறுகிறார். தேரிலிருந்து ஆயிரங்கால் மண்டபத்துக்கும், மறுநாள் அபிஷேகம் முடிந்து திரும்பச் சபைக்கும் அவர் ஆடி வருவது மனிதத் தோள்களின் மேல். சின்ன வயதில் அம்மாவோடு மீட்டர்கேஜ் ரயிலில் போய் ஆருத்ரா பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் எனக்கு சாமி தெரியவில்லை. அசைந்து அசைந்து வரும் வாரை மட்டும் தெரிந்தது.

1648 டிசம்பரில் பீஜப்பூர்ப் படை வருகிறது என்ற அச்சத்தில் அதே நடராசரை ஊரை விட்டே கொண்டுபோனார்கள். புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் 40 மாதம், பிறகு மதுரையில் நெடுங்காலம். 1686 நவம்பரில்தான் தில்லைக்குத் திரும்பினார். திருவாரூரில் கிடைத்த செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. ஏறக்குறைய 38 வருடம்! நான் வாரையில் நின்ற காலமும் அவ்வளவே என்பதால் அந்த எண் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கொண்டுபோனபோது தோள் கொடுத்த இளைஞன் எவனாவது உயிரோடு இருந்திருந்தால், திரும்பி வந்தபோது அவனுக்கு அறுபது இருக்கும். தோளைத் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்திருப்பான்.

கோயில் வழக்கில் சின்னப் பல்லக்கு ஒன்றுக்குத் தோளுக்கினியான் என்று பெயர். பெரிய வாகனமில்லாமல் சாமி எளிமையாகப் புறப்படும்போது எடுப்பது. அந்தப் பெயரைச் சூட்டியவர் நிச்சயமாக அதைத் தூக்கிய ஆளாகத்தான் இருக்க வேண்டும். ரிஷப வாகனத்தையும் தூக்கிவிட்டு இதையும் தூக்கினால்தான் இனிமை தெரியும். எங்கள் அம்மனுக்குத் தோளுக்கினியான் கிடையாது. தேக்குச் சட்டம், பித்தளைத் திருவாசி, பூ அலங்காரம், பேட்டரி, விளக்கு எல்லாம் சேர்ந்து பதினாறு பேர் தூக்குவோம். உயரமானவன் மேல்தான் கூடுதல் பாரம் இறங்கும். எனக்கு முன்னால் நின்றவர் குட்டை, நான் உயரம். தார்ச்சாலை வரைக்கும் தெரியாது. கடற்கரை மணலில் கால் புதைந்ததும் வாரை ஒரு பக்கம் சாயும். "மாப்ள, தோள் மாத்து!" என்று பின்னாலிருந்து குரல் வரும். எனக்கு இடது தோளில் வைக்கப் பழக்கமே இல்லை. வலதிலேயே நின்றேன். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரரும் சுற்று வட்டாரச் சாமிகளும் வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்க, நடுவில் எங்கள் அம்மனும் நிற்பாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் 38 வருடமும். இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் மாமனார் வீட்டுப் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துவிட்டன. ஒரு பலாக் கிளையைத் தோளில் வாங்கி நகர்த்தியபோது உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நான்கு மாசி மகம் தூக்கினேன்.

சிதம்பரம் சாலையில் ஒரு குளக்கரையில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கவைத்த சுமைதாங்கி இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டுவைப்பது. அவள் இறக்கிவைக்காமல் போன சுமையை வழிப்போக்கர்கள் இறக்கிவைத்தால் அவளுக்கு ஆறுதல் என்பது நம்பிக்கை. அந்தக் கல்லின் உயரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இன்னொருவர் கை கொடுக்காமலேயே சுமையை அப்படியே சரித்து வைக்கலாம், திரும்ப அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். தோளின் கஷ்டம் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. மூட்டு மருத்துவம் என்று பார்த்தால் எங்கள் மாவட்டத்தில் அதுதான் முதல் என்பேன். சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கல் போய்விட்டது.

வெளிநாட்டில் 1893லேயே தோள் மாற்றிவிட்டார்கள். பாரிஸில் பேயான் என்ற அறுவை மருத்துவர், காசநோய் தின்ற தோளுடன் வந்த 37 வயது ரொட்டிக்காரருக்குப் பிளாட்டினத்தாலும் கெட்டிப்படுத்திய ரப்பராலும் மூட்டுச் செய்து வைத்தார். இரண்டு வருடத்தில் சீழ் பிடித்து எடுக்க வேண்டியதாயிற்று. 1950களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர் உலோகத் தலை வைத்தார். தசைநார் நன்றாக இருப்பவர்களுக்கு அது உதவியது. என்னைப் போல் நார் அறுந்தவர்களுக்கு வழி பிறந்தது 1985இல், பிரான்சில் திஜோன் நகரத்து பால் கிராமோன் மூலம்.

அவர் செய்ததை டாக்டர் மேசை மேல் விளக்கினார். தோள் மூட்டு இடுப்பு மாதிரி கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து இல்லை. தாம்பாளத் தட்டில் நிறுத்திய தேங்காய். பிடித்திருக்கும் நார்கள் போனால் தேங்காய் உருண்டுவிடும். கிராமோன் இடத்தை மாற்றிவிட்டார். தோள்பட்டை எலும்பில் உலோகப் பந்தைத் திருகி, கை எலும்பில் குழியை வைத்தார். அப்போது அறுந்துபோன நார்களின் வேலையை, தோள் மேல் கவிந்திருக்கும் பெரிய தசையே செய்யும். எனக்கு உடனே வாரைதான் நினைவுக்கு வந்தது. உள்பக்கம் நின்ற நாலு பேர் வராத வருடம், வெளியே நிற்கும் வலுவான ஆளின் தோளுக்குப் பாரம் சரியாக இறங்கும்படி வாரையையே நகர்த்திக் கட்டுவோம். "அதேதான் சார்" என்று டாக்டர் சிரித்தார்.

ஆறு வாரம் கை தொட்டிலில். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிருமி மூட்டுக்குப் போகும். மூட்டு நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலை சீவலாம், சட்டை போடலாம், ராத்திரி தூங்கலாம். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

வீட்டில் சொன்னேன். "ஏங்க, அம்மனுக்கு உங்க தோள் மட்டுமா இருக்கு?" என்றாள் மனைவி. மாசி மகத்துக்குப் போய்ப் பார்த்தேன். பாதிச் சாமிகள் டிராக்டரில் வந்து இறங்கின. முன்பெல்லாம் பார்த்தால் மனசு கசந்திருக்கும். இப்போது அந்த இளைஞர்கள் கையை வீசிக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் ஆடிப் போவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கடைசி நூறு அடிக்கு மட்டும் மணலில் தோள் கொடுத்தார்கள். அது போதும்.

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ள, முன்பக்கம் முழுக்கத் திறக்கும் தொளதொளச் சட்டை நாலு வேண்டும் என்றார்கள். ஓ.டி. கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாகத் தைப்பவரிடம் போனேன். நாடாவைத் தோளில் வைத்தவர், இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "வலது பக்கம் ஒரு இன்ச் எறங்கியிருக்கு சார்" என்றார். நோட்டில் குறித்துக்கொண்டே, "உங்க அப்பாவுக்கும் இப்படித்தான் விட்டுத் தைப்பாராம் எங்க அப்பா" என்றார்.