வாணலியில் பிறந்த சொல்

'ஸ்டிர் ஃப்ரை' என்ற சொல் இன்று நம் ஊர் உணவகப் பட்டியல்களிலும் இருக்கிறது. அது ஒரு பெண்ணின் நூல் வழியே பரவியது என்பதை நான் வெகுகாலம் அறியவில்லை.

புவெய் யாங் சாவ் (1889–1981) சீனாவில் பிறந்து டோக்கியோவில் மருத்துவம் படித்தவர். அங்குள்ள சாப்பாடு பிடிக்காமல் தானே சமைக்கத் தொடங்கினார். அமெரிக்காவில் குடியேறியபின், 1945இல் 'ஹவ் டு குக் அண்ட் ஈட் இன் சைனீஸ்' என்ற சமையல் நூலை வெளியிட்டார்.

அதில் அவர் விளக்கிய சமையல்முறை ஒன்றுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் இல்லை. இறைச்சியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, சோயா சாஸில் பிசறி, நன்கு காய்ந்த எண்ணெயில் கிளறி எடுத்துவிட வேண்டும். அதே வாணலியில் கீரையைப் போட்டு, வதங்கியதும் இறைச்சியைச் சேர்த்து உடனே இறக்க வேண்டும். தீ குறையக் கூடாது; கை நிற்கக் கூடாது. நறுக்கத்தான் நேரம், அடுப்பில் சில நிமிடங்களே. நம் 'வதக்கல்' இதற்கு அருகில் வரும். ஆனால் அதில் இந்த வேகம் இல்லை.

நூலை மகள் ஆங்கிலமாக்கினார். கணவர் யுவென் ரென் சாவ், பெயர்பெற்ற மொழியியலாளர், அதைத் திருத்தினார். ஆகவே சொல்லும் கணவருடையதே என்போர் உண்டு. இருக்கலாம். ஆனால் தீ எவ்வளவு, கீரை எப்போது என்று அறிந்த கை இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏது?

மருத்துவரான தான் சமையல் நூல் எழுதியதற்கு வெட்கப்படுவதாக முன்னுரையில் அவர் சொல்கிறார். பாதி வேடிக்கைதான். மீதிப் பாதி என்னை உறுத்துகிறது. அம்மாவிடம் கற்ற அடுப்படிச் சொற்களில் ஒன்றைக்கூட என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நான் சேர்க்கவில்லை.